ஒரு சோறு பதமாவது எப்போது?

சில ஆண்டுகளுக்கு முன், பெரும்போக அறுவடை முடிந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், கமக்காரர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என் பாடசாலை அலுவலகத்துக்கு வந்தார். பையன் பத்தாம் வகுப்பு மாணவன். கணிதத்தில் தொடர்ந்து பின்தங்கி வந்தவன். தகப்பனார் கோபப்படவில்லை. மிக அமைதியாகவே கேட்டார்: "அதிபர் ஐயா, வயல் செய்யப் போறவனுக்குக் கூட்டலும் கழித்தலும் காணாதோ? இந்த எக்ஸும் வையும் எங்கடை வயலுக்கு என்ன பசளை போடப் போகுது?"

என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. நான் கலைப்பட்டதாரி, வரலாறும் தமிழும் பயின்றவன். கணிதத்தைப் பாடசாலை வாசலிலேயே விட்டுவிட்டு, "தப்பினோம், பிழைத்தோம்" என்று மகிழ்ந்தோர் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆகவே, அன்று அவருக்கு ஏதோ பொதுப்படச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். எனினும் அக்கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதற்கு விடை தேடிப் படித்தவற்றுள் ஒரு பகுதியையே இன்று நேயர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

கணிதத்தின் பயனைப் பேச வருவோர் பெரும்பாலும் பாலங்களையும் அணைகளையும் விண்கலங்களையும் காட்டுவர். அவை உண்மையே. ஆயினும் அவற்றைக் கேட்குந்தோறும் சாதாரண மனிதனுக்குக் கணிதம் இன்னும் எட்டத்துக்குப் போய்விடுகின்றது. நான் எடுத்துக்கொள்ளும் பொருள் அடுக்களையில் தொடங்குவது. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஒரு தேசத்தின் கைத்தொழிலையும் உணவுக் கணக்கையும் தாங்கி நிற்கும் கணிதப் பிரிவு ஒன்று இப்பழமொழிக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றது என்றால் வியப்பாக இருக்கும். அதன் பெயர் புள்ளிவிபரவியல்.

சோறு வடிக்கும் தாய் என்ன செய்கின்றார் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். பானைச் சோறு முழுவதையும் அவர் தின்று பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால் பந்திக்கு ஒன்றும் மிஞ்சாது. அகப்பையால் ஒரு முறை கிளறுகின்றார். ஒரு பருக்கையை எடுத்து விரலிடையே நசுக்கிப் பார்க்கின்றார். ஐயமிருந்தால் இன்னும் இரண்டு மூன்று பருக்கைகள் பார்க்கின்றார். நால்வருக்குச் சமைத்த சிறு பானையானாலும், கோயில் அன்னதானத்துக்கு ஏற்றிய கிடாரமானாலும், அவர் பார்ப்பது அந்தச் சில பருக்கைகளைத்தான். கிடாரம் பெரிதென்பதற்காக ஒரு கூடைச் சோற்றை எடுத்து நசுக்குவாரில்லை. அளவு கூடினாலும் சோதனை கூடவேண்டியதில்லை என்ற இந்த உண்மையைக் கணித அறிஞர் நிறுவிக் காட்டியது மிக அண்மைக் காலத்திலேதான்.

ஆனால் பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்றுண்டு. அடிப்பிடித்த பானையின் மேற்சோறு பதமாகத்தான் இருக்கும். கிளறாமல் மேலே கிடந்த பருக்கையை எடுத்தவர் ஏமாறுவார். ஒரு சோறு எப்போது பதம், எப்போது பதமன்று? எந்தப் பருக்கையை எடுப்பது, எத்தனை எடுப்பது, எடுத்ததை எவ்வளவு தூரம் நம்புவது? இக்கேள்விகளுக்கு ஊகத்தால் விடை சொல்லாது கணக்கால் விடை சொல்வதே அந்தச் சாத்திரத்தின் வேலை.

கிளறாத பானைக்கு வரலாற்றிலே ஓர் உதாரணம் உண்டு. 1936 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சனாதிபதித் தேர்தல் நடந்தது. றூஸ்வெல்ற் ஒரு புறம், கான்சாஸ் மாநில ஆளுநர் அல்பிரட் லாண்டன் மறுபுறம். 'லிற்றறரி டைஜெஸ்ற்' என்னும் புகழ்பெற்ற வார இதழ், ஏறக்குறைய ஒரு கோடி வாக்காளருக்கு அஞ்சலட்டை அனுப்பி அவர்தம் கருத்தைக் கேட்டது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் திரும்பி வந்தன. லாண்டன் பெருவெற்றி பெறுவார் என இதழ் அறிவித்தது. தேர்தல் முடிந்தபோது 48 மாநிலங்களுள் 46 றூஸ்வெல்றைச் சார்ந்தன. லாண்டனுக்குக் கிட்டியவை இரண்டே இரண்டு. அதே வேளையில் ஜோர்ஜ் கலப் என்பவர், அந்த இதழ் கேட்டதில் மிகச் சிறிய ஒரு பங்கினரையே கேட்டு, றூஸ்வெல்ற் வெல்வார் எனச் சரியாகச் சொல்லியிருந்தார்.

பிழை எங்கே நேர்ந்தது? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வாகனம் வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்தே பெயர்கள் பெருமளவு திரட்டப்பட்டிருந்தன. பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் தொலைபேசி வைத்திருந்தவர் யார், வைத்திராதவர் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ஆத்திரமுள்ளவரே அட்டையை நிரப்பி அனுப்புவர்; திருப்தியுள்ளவர் சும்மா இருந்துவிடுவர். இருபது இலட்சம் பருக்கைகளும் பானையின் ஒரே பக்கத்திலிருந்து அள்ளப்பட்டவை. இரண்டாண்டுக்குள் அந்த இதழும் நின்று போயிற்று. தொகை பெரிதாயிருப்பது உண்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

எந்தப் பருக்கை என்ற கேள்வி இவ்வாறிருக்க, எத்தனை பருக்கை என்ற கேள்விக்கு விடை பிறந்த இடம் சற்று எதிர்பாராதது. அது பல்கலைக்கழகமன்று, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலுள்ள ஒரு பியர் வடிசாலை. மதுவிலக்கில் நம்பிக்கையுள்ள நேயர்கள் பொறுத்தருள வேண்டும். அறிவு சில வேளைகளில் அத்தகைய இடங்களிலும் பிறந்துவிடுகின்றது.

கின்னஸ் என்னும் அவ்வடிசாலையில் 1899 ஆம் ஆண்டு வில்லியம் சீலி கொசெற் என்ற இளைஞர் வேலைக்கமர்ந்தார். ஒக்ஸ்போர்ட்டில் கணிதமும் இரசாயனமும் கற்றவர். வாற்கோதுமையில் எந்த இனம் சிறந்தது, எந்த மண்ணில் விளைந்தது நன்று என்பன போன்ற கேள்விகள் அவர் முன் வந்தன. சோதனை செய்யலாம், ஆனால் ஆண்டுக்கு ஒரு விளைச்சல்தான். நான்கு வயல்களில் ஒரு இனத்தையும் நான்கு வயல்களில் மற்றொன்றையும் விதைத்துப் பார்த்தால், கிடைப்பவை எட்டு எண்களே. அக்காலப் புள்ளிவிபர அறிஞர் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவீடுகளை வைத்துக்கொண்டே கணக்கிட்டனர். நான்கு அளவீடு மட்டும் உள்ளவன் என்ன செய்வது? தொழிற்சாலையும் கமமும் எதிர்நோக்கும் கேள்வி எப்போதும் இதுதான். ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவு அவகாசமும் பணமும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

கொசெற் இதற்குக் கண்ட வழி ஒரு பகுதி கணக்கு, ஒரு பகுதி சீட்டாட்டம் போன்றது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரலின் நீளமும் அளந்து வெளியிடப்பட்ட ஓர் அட்டவணை இருந்தது. அவற்றை 3,000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 சிறு கூட்டங்கள் ஆக்கினார். முழுத் தொகையின் சராசரி அவருக்குத் தெரியும். நான்கு பேரை மட்டும் பார்த்தவன் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் தவறுவான் என்பதை, 750 முறை தவறிப் பார்த்து அளந்தார். தம் சூத்திரம் சொல்வதும் அட்டைகள் சொல்வதும் ஒத்து வருகின்றனவா எனப் பார்த்தார். சிறு தொகையை வைத்துக்கொண்டு எவ்வளவு நம்பிக்கையோடு பேசலாம் என்பதற்கு அன்று ஓர் அளவுகோல் கிடைத்தது.

இது 1908 ஆம் ஆண்டில் 'பயோமெட்றிக்கா' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. தம் ஊழியர் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுதலை அந்த நிறுவனம் அக்காலத்தில் அனுமதிக்கவில்லை. ஆகவே அவர் 'ஸ்ரூடென்ற்', அதாவது மாணவன், என்று கையொப்பமிட்டார். இன்று உலகின் எந்த நாட்டில் ஒரு புதிய மருந்தையோ புதிய நெல்லினத்தையோ சோதித்தாலும் அந்த 'மாணவன்' வகுத்த சோதனையைப் பயன்படுத்துகின்றார்கள். ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு அந்தப் புனைபெயரில் ஒரு தனி மகிழ்ச்சி.

கைத்தொழிலுக்கு வருவோம். ஒரு தொழிற்சாலை பத்தாயிரம் தொலைபேசிக் கருவிகளைச் செய்கின்றது. அவற்றுள் சில பழுதாகின்றன. ஒவ்வொன்றையும் சோதித்துப் பழுதானதை எறிவது ஒரு வழி. அது செலவு மிக்கது. நெருப்புக்குச்சி நன்றாக இருக்கின்றதா என்று ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால் பெட்டிக்குள் என்ன மிஞ்சும்? 1924 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கத் தொலைபேசித் தொழிலில் பணியாற்றிய வால்ற்றர் ஷுவார்ட் என்னும் அறிஞர் தம் மேலதிகாரிக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதில் ஒரு சிறு வரைபடமும் இருந்தது.

அவ்வரைபடத்தின் கருத்தை நமக்குப் பழக்கமான ஒரு தொழிலை வைத்துச் சொல்கின்றேன். தேயிலையை 400 கிராம் பொதிகளாகக் கட்டும் ஓர் இயந்திரம் இருப்பதாகக் கொள்வோம். எந்தப் பொதியும் சரியாக 400 கிராம் இராது. ஒன்று 401, ஒன்று 399, ஒன்று 402. இவ்வாறு சிறிது கூடுவதும் குறைவதும் இயந்திரத்தின் இயல்பு. அதற்குத் தனிக் காரணம் தேடுவது வீண். ஆனால் ஒரு நாள் தராசின் முள் வளைந்துவிட்டால் பொதிகள் 393 என்றும் 392 என்றும் வரத் தொடங்கும். இதற்குக் காரணம் உண்டு. கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். மணிக்கு ஒரு முறை நான்கைந்து பொதிகளை மட்டும் நிறுத்து, சராசரியைத் தாளிலே புள்ளியாகக் குறிக்க வேண்டும். நடுவே ஒரு கோடு. மேலும் கீழும் கணக்கிட்டு வரைந்த இரண்டு எல்லைக்கோடுகள். புள்ளி எல்லைக்குள் இருக்கும்வரை இயந்திரத்தைத் தொடாதே. எல்லையைத் தாண்டினால் உடனே நிறுத்திப் பார். வரைபடம் சொல்வது இவ்வளவுதான்.

இதில் "தொடாதே" என்ற பகுதிதான் கற்கக் கடினமானது. பொதி 402 ஆக வந்ததும் திருகாணியைக் குறைத்து, 399 ஆக வந்ததும் கூட்டி, ஓயாது திருத்திக்கொண்டிருக்கும் சுறுசுறுப்பான தொழிலாளி, நிறையின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதில்லை, கூட்டிவிடுகின்றான். இதைக் கணக்கால் நிறுவலாம். பாடசாலை நிருவாகத்தில் ஈடுபட்ட என் போன்றோர் இதைப் படித்துச் சற்றே வெட்கப்பட வேண்டியவர்கள். ஒரு தவணையில் ஒரு வகுப்பின் சராசரி இரண்டு புள்ளி குறைந்தால் ஆசிரியரை அழைத்து விசாரிப்பதும், அடுத்த தவணையில் இரண்டு புள்ளி கூடினால் நம் விசாரணையின் பயனே அது என்று பெருமைப்படுவதும் நாம் அறியாததன்று.

இவ்வரைபடம் ஒரு தேசத்தின் தொழிலையே மாற்றியமைத்த இடம் யப்பான். போர் முடிந்த 1945 ஆம் ஆண்டில் அந்நாட்டின் நகரங்கள் சாம்பலாய்க் கிடந்தன. போருக்கு முன்னரும் யப்பானியச் சாமான் என்றால் மலிவு, விரைவில் உடைவது என்பதே பல நாடுகளிலும் இருந்த எண்ணம். இரும்பும் எண்ணெயும் நிலத்தில் இல்லாத நாடு, மூலப்பொருளை வாங்கிப் பொருள் செய்து விற்றே அரிசி வாங்க வேண்டும். பழுதுக்கென்று எறிய அதனிடம் ஒன்றும் இல்லை. யப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள் ஆகியோரின் சங்கம் 1950 ஆம் ஆண்டில் எட்வேர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கரை விரிவுரை ஆற்ற அழைத்தது. அவர் ஷுவார்ட்டின் முறையைக் கற்றவர். கணிதத்திலும் பௌதிகத்திலும் பயிற்சி பெற்று, குடிசன மதிப்பு அலுவலகத்தில் பணியாற்றியவர். பொறியியலாளருக்கு மட்டுமன்றிக் கம்பனித் தலைவர்களுக்கும் அவர் பாடஞ் சொன்னார். விரிவுரைகளை அச்சிட்டு விற்ற பணத்தில் தமக்குரிய பங்கை அவர் பெற மறுத்தார். அதைக் கொண்டே 1951 இல் அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவப்பட்டது.

யப்பானின் வெற்றியை ஒரு வெளிநாட்டாரின் விரிவுரைக்கே உரியதாக்கிப் பேசுவோருடன் நான் உடன்படவில்லை. விரிவுரை கேட்ட நாடுகள் பல. யப்பானியர் செய்தது வேறு. அக்கணக்கை விரிவுரை மண்டபத்திலிருந்து இயந்திரத்தின் அருகே கொண்டு சென்றனர். 1956 ஆம் ஆண்டில் தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கென வானொலியிலேயே தரக்கட்டுப்பாட்டுப் பாடம் ஒலிபரப்பப்பட்டது. வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதை நான் சொல்லாமல் விடலாகாது. பட்டம் பெறாத மேற்பார்வையாளரும், பின்னர் 1962 முதல் சிறு சிறு குழுக்களாகக் கூடிய தொழிலாளரும், தம் கையாலேயே புள்ளி வைத்து வரைபடம் வரைந்தனர். அவர்கள் தொழிற்சாலைக்கு வரும்போதே சதவீதமும் சராசரியும் வரைபடமும் அறிந்து வந்திருந்தனர். அந்த அத்திவாரம் கிராமத்துப் பாடசாலையில் இடப்பட்டது. சில பத்தாண்டுகளில் யப்பானியச் சாமான் என்ற சொல்லின் பொருளே மாறிற்று.

தொழிற்சாலையை விட்டு வயலுக்கு வருவோம். கமக்காரரின் கேள்வி அங்கேதான் நிற்கின்றது.

வங்காளத்தில் பிரித்தானியர் ஆட்சியின்போது, எத்தனை ஏக்கரில் நெல் விளைந்தது, எத்தனை ஏக்கரில் சணல் விளைந்தது என்பதை எவரும் அளந்ததில்லை. 1793 ஆம் ஆண்டு நிலவரி நிரந்தரமாக வரையறுக்கப்பட்டுவிட்டதால், ஆண்டுதோறும் வயல்களைப் பதிவு செய்யும் கிராம உத்தியோகத்தர் அமைப்பு அங்கே வளரவில்லை. விளைச்சலை அணாக் கணக்கில் மதிப்பிட்டனர். நல்ல விளைச்சல் என்றால் பதினாறணா. இவ்வாண்டு பன்னிரண்டணா, சென்ற ஆண்டு பத்தணா என்று கண்ணால் பார்த்து எழுதுவது. எழுதுபவர் முகத்தில் அன்று நிலவிய களையைப் பொறுத்து ஓரிரு அணா கூடும், குறையும். 1943 ஆம் ஆண்டில் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் தாக்கிற்று. பல இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் காரணங்கள் பல: போர், விலையேற்றம், பதுக்கல், ஆட்சியாளரின் அலட்சியம். ஆயினும், நாட்டில் எவ்வளவு நெல் இருக்கின்றது என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை எவரிடமும் இருக்கவில்லை என்பதும் உண்மை. "அரிசி உண்டு, அரிசி உண்டு" என்ற அறிவிப்புகளுக்கு அடியில் இருந்தவை அந்த அணாக் கணக்குகளே.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். கல்கத்தாவில் பௌதிகப் பேராசிரியராயிருந்தவர். கேம்பிரிட்ஜில் கல்வி முடித்துத் தாயகம் திரும்புகையில், கொசெற் எழுதிய அதே 'பயோமெட்றிக்கா' இதழின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார் என்பர். 1931 இல் இந்தியப் புள்ளிவிபரக் கழகத்தை நிறுவினார். 1937 முதல் வங்காளத்துச் சணல் பயிரை மாதிரி முறையால் அளக்கத் தொடங்கினார். எல்லா வயல்களையும் அளப்பதற்குப் பதிலாக, எழுமாறாகத் தெரிந்த சில பகுதிகளை மட்டும் அளப்பது அம்முறை. எழுமாறு என்பது மனம் போனபடி என்பதன்று. மனத்துக்கு அங்கே இடமே கொடாமல், சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் எண் அட்டவணையைக் கொண்டு தெரிவது. அதுவே தாயின் அகப்பை. பானையைக் கிளறுதல் என்பது அதுதான்.

"எல்லாவற்றையும் அளப்பதே சரி, சிலவற்றை அளப்பது ஏமாற்று" என்று அதிகாரிகள் பலர் எதிர்த்தனர். பின்னர் ஒவ்வொரு வயலாகப் பெரும் பட்டாளத்தைக் கொண்டு எண்ணியும் பார்த்தனர். வணிகத்துக்கும் ஆலைகளுக்கும் வந்து சேர்ந்த சணலோடு ஒப்பிட்டபோது, முழு எண்ணிக்கையைவிட மாதிரிக் கணக்கே உண்மைக்கு அண்மையில் நின்றது. செலவோ அதன் ஒரு சிறு பங்கு. காரணம் எளிது. பல்லாயிரம் பேரை அவசரமாகக் கூலிக்கு அமர்த்தினால், மர நிழலில் இருந்தே வயலை எண்ணுபவரும் அவருள் இருப்பர். சில நூறு பேரை நன்கு பயிற்றினால் அவர்களை மேற்பார்வை செய்யவும் முடியும். சிறிது பார்த்தாலும் செவ்வனே பார்ப்பது மேலானது.

அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது. விளைச்சலை அறிய வயலில் ஒரு சிறு துண்டை அளந்து வெட்டி, நெல்லை நிறுப்பார்கள். துண்டு மிகச் சிறிதாயிருந்தால் விளைச்சல் எப்போதும் கூடுதலாகவே வந்தது! ஏனென்று ஆராய்ந்தனர். கயிற்றின் எல்லையில் நிற்கும் பயிர் உள்ளா வெளியா என்ற ஐயம் எழும்போதெல்லாம், வெட்டுபவர் அதை உள்ளே சேர்த்துவிடுகின்றார். வஞ்சனையாலன்று, நல்ல கதிரை விட மனம் வருவதில்லை. துண்டு சிறிதானால் பரப்போடு ஒப்பிட எல்லை நீளமாகின்றது. ஆகவே பிழையும் பெரிதாகின்றது. மனித இயல்பும் வடிவகணிதமும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்ளும் இக்காட்சி, கலைப்பட்டதாரியாகிய எனக்கு ஒரு நல்ல சிறுகதை போலத் தோன்றுகின்றது.

இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. 1950 களின் தொடக்கத்திலிருந்து இலங்கையில் நெல் விளைச்சல், தெரிந்தெடுத்த வயல்களில் வெட்டி நிறுத்துப் பார்க்கும் மாதிரி அளவீட்டினால் கணிக்கப்பட்டு வருகின்றது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் எண்கள் இவ்வழியாகப் பிறப்பவையே. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் வந்த பெரும்போகத்தில் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அதை எவரும் மறந்திரார். வீழ்ந்தது என்று எவரும் சொல்லலாம். எவ்வளவு வீழ்ந்தது, எத்தனை தொன் அரிசி தருவிக்க வேண்டும், எப்போது தருவிக்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? குறைத்து மதிப்பிட்டால் இல்லாத அந்நியச் செலாவணியை வீணாக்குவோம். கூட்டி மதிப்பிட்டால் அடுப்புகள் அணையும்.

நான் முதலிற் சொன்ன கமக்காரரின் வயல், அவர் வந்து சென்றதற்கு அடுத்த பெரும்போகத்தில் இத்தெரிவுக்குள் அகப்பட்டது. அவர் அதைப் பற்றி என்னிடம் முறைப்பாடாகவே சொன்னார். வாய்க்காலருகே தங்கம் போல் விளைந்து நின்ற மூலையை வெட்டும்படி அவர் எவ்வளவோ கேட்டாராம். வந்த உத்தியோகத்தர் கையிலிருந்த தாளைப் பார்த்து, இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் என்று நடந்து, புல் மண்டிய நடு வயலில் கயிற்றைப் போட்டாராம். "என்ரை வயலைப் பற்றி எனக்குத் தெரியாததோ அந்தத் தாளுக்குத் தெரியும்?" என்று அவர் குறைப்பட்டார். அந்தத் தாளுக்கு அவர் வயலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதுதான் அதன் தகுதி என்று நான் சொன்னேன். எல்லாக் கமக்காரரும் தங்கமூலையை வெட்டக் கொடுத்தால், கொழும்பிலிருப்போர் நாட்டில் அரிசி நிறைந்து கிடக்கின்றதென நம்பிவிடுவர். அவர் சிறிது நேரம் யோசித்தார். "அப்ப, நிவாரணம் தாறாங்கள் எண்டால் எல்லாரும் புல்லு மூலையைக் காட்டுவாங்கள்," என்றார். நான் பல நூல்களில் தேடிய விளக்கத்தை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இங்கே என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓராண்டு, பின்தங்கிய மாணவர் பத்துப் பேருக்கு ஒரு புதிய முறையில் ஆங்கிலம் கற்பித்தோம். அடுத்த பரீட்சையில் எழுவர் முன்னேறியிருந்தனர். பெற்றார் கூட்டத்தில் அதைப் பெருமையுடன் அறிவித்தேன். கூட்டம் முடிந்தபின், எங்கள் இளம் கணித ஆசிரியை தயங்கித் தயங்கி அருகே வந்தார். "சேர், பத்து நாணயத்தைச் சுண்டினாலும், ஏறக்குறைய ஆறு தரத்துக்கு ஒரு தரம் ஏழோ அதற்கு மேலோ தலை விழும்," என்றார். எனக்கு உறைத்தது. இன்னொன்றையும் அவர் கேட்டார்: "அந்தப் பத்துப் பேரும் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்களா?" ஆம், கற்க விரும்பியவர்களே சேர்ந்திருந்தனர். பானையையும் நான் கிளறவில்லை, பருக்கையும் போதவில்லை.

அந்த ஆசிரியைதான் பிஷர் என்ற அறிஞரின் தேநீர்க் கதையை எனக்குச் சொன்னவர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெண்மணி, பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்றாராம். பிஷர் எட்டுக் கிண்ணம் வைக்கலாம் என்றார். நான்கு ஒரு விதம், நான்கு மறு விதம், வரிசை எழுமாறாக. எட்டிலிருந்து நான்கைத் தெரிய 70 வழிகள் உண்டு. ஆகவே ஒன்றும் அறியாதவர் குருட்டதிர்ஷ்டத்தால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வது எழுபதில் ஒரு முறையே நிகழும். ஆனால் நான்கில் மூன்றையோ நான்கையுமோ சரியாகச் சொல்வது எழுபதில் பதினேழு முறை நிகழக்கூடும். ஆதலின் மூன்று சரியென்றால் அதை நாம் சான்றாகக் கொள்ளலாகாது. இக்கதையைப் பிஷர் 1935 இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கின்றார். அப்பெண்மணி வென்றாரா தோற்றாரா என்பதை மட்டும் எழுதவில்லை. எப்படிக் கேட்பது என்பதே அவருக்கு முக்கியமாயிருந்தது போலும்.

அந்த ஆண்டு எங்கள் பத்தாம் வகுப்பிலே ஒரு சோதனை நடந்தது. ஆசிரியை ஆயிரம் புளியங்கொட்டைகளை எண்ணி எடுத்து, அவற்றுள் முந்நூற்றுக்குச் சுண்ணாம்பு பூசி, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டார். எத்தனை வெள்ளை என்பதை எவருக்கும் சொல்லவில்லை. மாணவர் ஒவ்வொருவரும் பாராமல் இருபது கொட்டை எடுத்து, வெள்ளையை எண்ணிக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். ஒருத்திக்கு மூன்று வந்தது. ஒருவனுக்கு ஒன்பது வந்தது. முதல் ஐந்து பேர் எழுதியவுடன் வகுப்பில் ஒரே வாக்குவாதம். நாற்பது பேரும் எழுதி முடித்தபோது எண்கள் ஆறைச் சுற்றிக் கூடாரம் போல் குவிந்திருந்தன. பிறகு இருபதுக்குப் பதில் எண்பது எடுத்துப் பார்த்தனர். நான்கு மடங்கு உழைத்தபின் பிழையின் விகிதம் பாதிதான் குறைகின்றது என்பதைக் கண்டபோது பிள்ளைகளுக்குச் சற்று ஏமாற்றம்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கமக்காரரின் மகன் கடைசி வாங்கிலிருந்து எழுந்து முன்னே வந்திருந்தான். சாக்குக்குள் கைவிட்டிருந்த மற்றொருவனின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "பொறு, பொறு, முதலில் குலுக்கினாயோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.